ஒன்று தட்டினால் நிறுத்து

“சாவியைக் கொடுங்க அப்பா. இன்னைக்கு நீங்க ஓட்ட வேண்டாம்.”

கேட்டுவிட்டேன். கேட்கவே கூடாது என்று அம்மா போனில் மூன்று முறை சொல்லியிருந்தாள். அண்ணன் கோசுகே நகோயாவிலிருந்து தனியாக ஒரு செய்தி அனுப்பியிருந்தான்: ‘எது வேணா பேசு சிசாதோ, சாவியை மட்டும் கேட்காதே.’ நேற்று மாலை யோகோஹாமாவிலிருந்து வந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது வண்டிதான். இடப்பக்கக் கதவில் முழங்கை நீளத்துக்கு ஒரு கீறல். பின் பம்பரில் பச்சை பெயின்ட். பக்கத்து வீட்டு வேலியின் பச்சை.

அப்பா முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. கையில் வெள்ளைக் கையுறை. முப்பத்தெட்டு வருஷம் சுற்றுலா பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றுப் பதினொரு வருஷம் ஆகியும் கையுறை இல்லாமல் ஸ்டியரிங்கைத் தொட மாட்டார்.

“உனக்கெதுக்குச் சாவி? உனக்குத்தான் ஓட்டத் தெரியாதே. காது குடையவா?”

“நானும் ஓட்டல. ரயில்ல போவோம்.”

“ரயில்லயா!” துணியை உதறினார். “ஃபுமியோ, கேட்டியா? இந்த இஸு பக்கம் முழுக்க ஊருக்கே சுத்திக் காட்டினவனை இவ ரயில்ல கூட்டிட்டுப் போறாளாம். பல்கலைக்கழகத்துல இதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க போல.”

ஃபுமியோ என்பது அம்மா. சோற்று உருண்டைகள் கட்டிய பையோடு வந்தாள். பையைப் பின்னால் வைக்கிற சாக்கில் என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

“வாயை மூடிட்டு ஏறுடி. எட்டு நாளா வழியை எழுதி எழுதிப் பார்த்திருக்கார்.”

“ஆயிரம் தடவை போன வழியை எட்டு நாள் எழுதிப் பார்க்கணுமா?”

 எங்கள் வீட்டில் பதில் இல்லாத கேள்விக்குக் கதவைச் சாத்துவதுதான் வழக்கம். அம்மா வண்டிக் கதவைச் சாத்தினாள்.

நான் போகாமல் நின்றிருக்கலாம். ஆனால் பின்சீட்டில் சுமிரே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மகள், ஏழு வயது, பள்ளி விடுமுறைக்கு வந்தவள்.

“சுமிரே, இறங்கு. நாம ரயில்ல போகலாம்.”

“மாட்டேன் அத்தை. தாத்தா அருவி காட்டுறேன்னார். அப்புறம் காரமா ஒரு ஐஸ்கிரீம் இருக்காம்!”

ஏறினேன். இவளை இந்த வண்டியில் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து டீ குடிக்க என்னால் முடியாது. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படியேறியவள் நான் ஒருத்திதான். என்னைப் படிக்க வைத்தது அந்த வெள்ளைக் கையுறை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே என் வாயை அடைக்க இத்தனை வருஷமாக அது போதுமானதாக இருந்தது.

அப்பா திரும்பி எங்களை எண்ணினார். எண்ணாமல் பஸ்ஸை எடுத்ததே இல்லை அவர்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, நான் நாலு. எல்லாரும் ஏறியாச்சு. கிளம்பறோம்!”

வாசல் முனையில் நின்று விரலை நீட்டினார். “இடது சரி! வலது சரி!”

வண்டி பாதி ரோட்டில் நுழைந்தது. வலப்பக்கத்தில் ஒரு கூரியர் வேன் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டி வந்த பையன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எங்களைப் பார்த்துத் தலை குனிந்தான். அப்பா ராஜா மாதிரி கையுறைக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

 விரலால் காட்டி வாயால் சொல்வது இங்கே பஸ்ஸோ ரயிலோ ஓட்டுகிற எல்லோருக்கும் உள்ள பழக்கம். கண் பார்த்ததை விரல் காட்ட வேண்டும், வாய் சொல்ல வேண்டும். அப்பாவிடம் விரலும் வாயும் மிச்சம் இருந்தன. கண் எங்கேயோ போய்விட்டது. விரல் நேராக நீண்டபோது அவர் விரல் நுனியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலைப்பாதையில் ஏறினோம். வளைவுக்கு வளைவு நான் சுமிரேயின் பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். முன்சீட்டில் அம்மாவின் வலது கை அப்பாவின் முழங்கால் மேல் இருந்தது. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம். ரோட்டில் கைகோத்து நடந்துகூட நான் பார்த்ததில்லை. வயசான காலத்தில் இப்படியும் ஆகும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜோரென் அருவியில் நிறுத்தினோம். வண்டியை விட்டு இறங்கியதும் அப்பா வேறு ஆள். இருநூறு படியையும் மூச்சு வாங்காமல் இறங்கினார். பாறை மேல் ஏறி நின்று, “இடது பக்கம் அருவி! வலது பக்கம் பார்க்காதீங்க, என் மூஞ்சிதான் தெரியும்!” என்றார். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவர்களும் சிரித்தார்கள். ஓடைத் தண்ணீரில் விளையும் வசாபிக் கிழங்கைப் பச்சையாகத் துருவி ஐஸ்கிரீம் மேல் வைத்துக் கொடுத்தார்கள். சுமிரே ஒரு வாய் வைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அப்பா அவள் தலையில் தட்டி, “அழாதே, மூக்கு இன்னும் அங்கேயேதான் இருக்கு” என்றார். நானும் சிரித்தேன். சிரித்ததும் ஆத்திரம் வந்தது. இந்த மனிதரிடம் போய் எதைக் கேட்பது?

கழிப்பறைக்குப் பின்னால் போய் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“கேட்டுட்டியா?” என்றான் எடுத்தவுடனே.

“கேட்டேன். அவருக்கு எப்படி லைசென்ஸ் புதுப்பிச்சுக் கொடுத்தாங்க?”

“பாஸ் பண்ணினார். எழுபத்தஞ்சுக்கு மேல நினைவுச் சோதனை உண்டே, அதை எழுதிப் பாஸ் பண்ணினார்.”

“எப்படி?”



“பதினாறு படம் காட்டுவாங்க. அப்புறம் ஞாபகம் இருக்கறதை எழுதணும். என்னென்ன படம் வரும்னு புத்தகமே விக்குது. அம்மா ரெண்டு மாசம் உக்கார்ந்து படிக்க வச்சா. வாணலி, சிங்கம், ரோஜா, கட்டில்னு… நேத்து சாப்பிட்டது மறந்து போகும், அந்தப் பதினாறும் மறக்காது.”

“புத்தகம் யார் வாங்கினது?”

“நான்தான் அனுப்பினேன்.”

“கோசுகே அண்ணா, உன் பொண்ணு பின்சீட்டுல உக்கார்ந்திருக்கா.”

“அம்மாதான் கூட இருக்காளே” என்றான். வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

அம்மா கூட இருந்தால் என்ன? அம்மாவுக்கு லைசென்ஸே கிடையாது. வண்டி கிளம்பிய ஐந்தாவது நிமிஷம் அதற்குப் பதில் கிடைத்தது.

“அத்தை, பாட்டி தாத்தாவைத் தட்டித் தட்டி விளையாடறாங்க” என்று சுமிரே என் காதில் சொன்னாள்.

பார்த்தேன். முன்னால் போன வண்டி வேகம் குறைத்தது. முழங்காலில் அம்மாவின் விரல்கள் ஒரு முறை தட்டின. அப்பா பிரேக் போட்டார். முன்னால் வழி கிடைத்தது. இரண்டு முறை தட்டின. வண்டி நகர்ந்தது. அடுத்த வளைவிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.  காலையிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது அம்மா. வாழ்நாளில் ஒரு தடவைகூட ஸ்டியரிங் பிடிக்காத, வலது கண்ணில் புரை விழுந்த என் அம்மா.

சுரங்கப்பாதைக்குக் கொஞ்சம் முன்னால் சுமிரே வாந்தி எடுத்தாள். ஓரமாக ஒதுங்க இடம் இருந்தது. அம்மா ஒன்று தட்ட, நின்றோம். துடைத்துவிட்டோம். குழந்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. பாட்டி மடியில்தான் படுப்பேன் என்று ஒரே அழுகை.

அம்மா என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள். 

“நீ முன்னாடி உக்காரு. முழங்கால்ல கை வை. நிக்கணும்னா ஒண்ணு, போகணும்னா ரெண்டு. வேற எதுவும் பேசாதே. பேசினா அவருக்குக் குழம்பிடும்.”

“பைத்தியமா உங்களுக்கு? எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது!”

“கண்ணு நல்லா தெரியுமில்ல? அது போதும்.”

“டாக்ஸி கூப்பிடறேன்.”

“கூப்பிட்டு? உங்கப்பாகிட்ட என்ன சொல்லுவே? நடு ரோட்டுல வச்சு அவரை அவமானப்படுத்துவியா? பாரு, எவ்வளவு சந்தோஷமா இருக்கார். நாம சேர்ந்து வெளிய வர்றது வருஷத்துல ஒரு நாள்டி.”

அப்பா முன்னால் நின்று சுரங்கத்தின் வாயைப் பார்த்துச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். அப்போதே நான் ரோட்டில் படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. போய் முன்சீட்டில் உட்கார்ந்தேன். இதை நான் யார் மேலும் போட முடியாது.

அப்பா எண்ணினார். “நாலு. கிளம்பறோம்!”

சுரங்கம் முழுக்க என் கை அவர் முழங்காலில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே வரும் ஒவ்வொரு விளக்கும் நேராக எங்களைப் பார்த்து வருவதுபோல் இருந்தது. வெளியே வந்து கொஞ்ச தூரத்தில் வளையப் பாலம். மலையிலிருந்து திருகாணி மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி இறங்குகிற பாலம் அது. கீழே பள்ளத்தாக்கு. வேகம் கூடியது. ஒன்று தட்டினேன். குறைந்தது. மறுபடி கூடியது. மறுபடி தட்டினேன்.

அப்பா ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காமல் மெல்லிய குரலில் சொன்னார். “ஃபுமியோ, கொஞ்சம் அழுத்தித் தட்டு. கால் மரத்துப் போச்சு.”

நான் அம்மா இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. தட்டுவது அவருக்குத் தெரியும். தெரிந்தே ஓட்டுகிறார். இரண்டு பேருமாகச் சேர்ந்து இப்படி எத்தனை மாதம், எத்தனை பள்ளிக்கூட வாசல், எத்தனை சந்தை ரோடு!

பின்னால் அம்மா சுமிரேயின் தலையைத் தடவியபடி கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது.

பாலம் முடிந்தது. ஆற்றோரமாக இறங்கிக் கடற்கரைச் சாலை வந்து சேரும் முனைக்கு வந்தோம். நேர் எதிரே கடல். சிக்னல் சிவப்பு. வலப்பக்கமிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

அப்பா விரலை நீட்டினார். “சிக்னல் பச்சை! வலது சரி!”

தட்டினேன். ஒன்று. நின்றிருக்கும். ஆனால் லாரி பக்கத்தில் தெரிந்தது. பயத்தில் என் கை தானாக இன்னொரு முறை தட்டிவிட்டது.

இரண்டு.

வண்டி பாய்ந்தது.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருந்த ஹேண்ட் பிரேக்கை உடம்பு பலம் முழுவதையும் போட்டு இழுத்தது மட்டும் தெரியும். வண்டி வழுக்கித் திரும்பி, மூக்கைச் சாலையில் நீட்டிக்கொண்டு நின்றது. லாரி எங்களுக்கு ஒரு கை தூரத்தில் ஒடித்து நின்றது. அதிலிருந்து ஒரு பெட்டி சரிந்து விழுந்து, மஞ்சள் கொழுமிச்சைப் பழங்கள் ரோடு முழுக்க உருண்டன. சுமிரே வீறிட்டாள். 

அப்பா இறங்கினார். தொப்பியைச் சரிசெய்து, இடுப்பு வரை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அத்தனை அழகாக யாரும் குனிய முடியாது. லாரிக்காரரும் கிழவர்தான். அவரும் குனிந்தார். “இல்லைங்க, நானும் கொஞ்சம் பார்த்து வந்திருக்கணும்” என்றார். இரண்டு பேரும் பழம் பொறுக்க ஆரம்பித்தார்கள்.

“நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கறீங்க? எங்கப்பா சிவப்புல வந்தார்!” என்று நான் கத்தினேன்.

லாரிக்காரர் என்னை, நடுத்தெருவில் துணியை அவிழ்த்துப் போட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சுமிரேயிடம் இரண்டு பழத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா தானாக முன்சீட்டுக்கு வந்தாள். “சரி, போகலாம். இனதோரில ரெண்டு மணிக்கு மேசை சொல்லி வச்சிருக்கு.”

எனக்குக் காலில் உயிர் இல்லை. அதனால்தான் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இனதோரியில் மீன்பிடித் துறைக்கு எதிரே சாப்பாட்டுக் கடை. நுழைவதற்கு முன்னால், ஸ்டேஷன் பக்கம் திரும்புகிற முனையில் சின்னப் போலீஸ் சாவடி இருப்பதைப் பார்த்து வைத்துக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்த அறையில் தாழ்ந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அப்பா கையுறையைக் கழற்றி மடித்து, அதன் மேல் சாவியை வைத்தார். இனிப்பு சோயாச் சாற்றில் வேகவைத்த முழு கின்மெதாய் மீன் வந்தது. சிவப்புத் தோல், பெரிய தங்கக் கண். அப்பா குச்சியால் முள்ளை ஒரே இழுப்பில் பிரித்து, கன்னத்துச் சதையை எடுத்து சுமிரே சோற்றில் வைத்தார்.

“இதான் முக்கியமான இடம். தூங்கினா தாத்தா தின்னுடுவேன்.”

ஒன்றுமே நடக்காததுபோல் சாப்பிட்டார்கள். நான் குச்சியைத் தட்டில் வைத்துவிட்டேன். 

“அப்பா, அந்தச் சிக்னல் என்ன நிறம்?”

“சாப்பிடு. ஆறிப்போனா நாறும்.”

“என்ன நிறம்?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கை மேசைக்கு அடியில் போனது. சட்டைக் கை இரண்டு முறை அசைந்ததை நான் பார்த்தேன்.

“பச்சை” என்றார் அப்பா.

“சிவப்பு தாத்தா” என்றாள் சுமிரே, வாய் நிறையச் சோற்றோடு. “காலையிலயும் ஒண்ணு சிவப்பு. நான் பார்த்தேன்.”

 அடுத்த மேசையில் யாரோ பீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அப்பா குச்சியை நிதானமாகக் கீழே வைத்தார்.

“ஃபுமியோ தப்பாத் தட்ட மாட்டா. அங்க ரெண்டு தட்டினது நீ” என்றார் என்னிடம்.

“ஆமா, நான்தான் ரெண்டு தட்டினேன். பயத்துல தட்டினேன். இன்னொரு நாள் அம்மா இருமும்போது கை ரெண்டு தடவை பட்டுடும். அப்ப எதிர்ல யார் இருப்பாங்க?”

“குரலைக் குறைடி” என்றாள் அம்மா. “திரும்பறப்போ நான் முன்னாடி உக்கார்ந்துக்கறேன். குழந்தைக்கு வாந்தி மாத்திரை வாங்கிடலாம். இத்தோட விடு.”

நான் கையை நீட்டிச் சாவியை எடுத்தேன். கையுறை மேலிருந்து எடுக்கும்போது அது சூடாக இருந்தது.

“வை அதை.” அப்பாவின் குரல் மாறிவிட்டது. “முப்பத்தெட்டு வருஷம். ஒரு பயணிக்கு நகம் பெயர்ந்ததில்லை. வை.”

“சிசாதோ, கொஞ்சம் யோசி.” அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம பக்கம் பஸ்ஸை நிறுத்தி மூணு வருஷமாச்சு. அரிசி வாங்க ஆறு கிலோமீட்டர். ஆஸ்பத்திரி பதினாலு. வண்டி இல்லேன்னா இவர் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துட்டு உக்கார்ந்திருப்பார். ஆறே மாசத்துல போயிடுவார். நான் பார்த்திருக்கேன், எதிர்வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். நீ வந்து பார்த்துக்குவியா? சொல்லு. வேலையை விட்டுட்டு வருவியா?”

நியாயமான கேள்வி. அதற்குத்தான் நாள் முழுக்கப் பயந்திருந்தேனோ என்னவோ. வருகிறேன் என்று சொல்லியிருந்தால் அவள் கையை விட்டிருப்பாள்.

“தெரியாது அம்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வண்டி இங்கேயே நிக்கும்.”

“எங்க போறே?”

“போலீஸ் சாவடிக்கு. அப்பாவுக்கு மறுபடி சோதனை வைக்கச் சொல்லப் போறேன். அந்தப் பதினாறு படம் இல்லாம. நீங்க தட்டறதைச் சொல்லப் போறேன். நான் தட்டினதையும் சொல்லப் போறேன்.”

“பெத்த அப்பாவைப் போலீஸ்ல…” அம்மாவால் முடிக்க முடியவில்லை. பிடி இறுகியது. விரல்கள் பழக்கத்தில் என் மணிக்கட்டை ஒரு முறை தட்டின. நில்.

கையை உருவிக்கொண்டேன்.

“சுமிரே, செருப்பைப் போடு. ரயில்ல போறோம்.”

அவள் பாட்டியைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள். ஒரு கொழுமிச்சையை எடுத்துக்கொண்டு, இன்னொன்றைத் தாத்தாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். நான் குனிந்து செருப்பை மாட்டும்போது பின்னால் அப்பாவின் குரல் கேட்டது. கோபம் இல்லை. பஸ்ஸின் முன்னால் நின்று பேசுகிற குரல்.

“ஒண்ணு… நான் ரெண்டு.” கொஞ்சம் இடைவெளி. “ஃபுமியோ, ரெண்டு பேர் குறையறாங்க. எண்ணிக்கை சரியாகாம வண்டியை எடுக்க முடியாது.”

சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு, கதவை இழுத்துத் திறந்து, சுமிரேயின் கையைப் பிடித்தபடி வெளியே நடந்தேன்.